ஒன்பதாவது கேள்வி

பயிற்சி விடுதி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் தம்பியும் நலம் என்று காலையில் போனில் சொன்னார். இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒரு வாரமாகச் சுருங்கின சட்டையோடு வேலைக்குப் போகிறாராம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் போயிருக்கும் மகள் வீடு மாடியில் என்று கேள்விப்பட்டேன். ஏறி இறங்கச் சிரமமாக இருக்குமே என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பலமுறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன். போனில் நீங்கள் பேசியிருந்தாலும் இதை எழுதித்தான் இருப்பேன். தப்பு நடந்தது எழுத்தில். அதைத் திருத்துவதும் எழுத்தில் இருப்பதுதான் முறை.

எங்கள் சுகாதார அலுவலகத்திலிருந்து என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் ஒரு நோய் பரவும்போது திரட்டுகிற விவரங்களை எப்படிக் கணக்குப் போட்டு அலசுவது என்பதுதான் பாடம். அடிப்படை தெரிந்தவர்களுக்கான மேல்வகுப்பு என்றார்கள். எனக்கு அடிப்படையே தெரியாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். என் பக்கத்து நாற்காலி ஒரு மாட்டு டாக்டருக்கு. "எங்க வேலை சுலபம்மா, மாட்டுகிட்ட கேள்வித்தாளை நீட்ட முடியாது, அதனால அது பொய்யும் சொல்லாது" என்பார். சிரித்து நாளாகியிருந்த எனக்கு அவர் ஒரு துணை.

பாடம் நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மேடையில் ஏற மாட்டார். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்று கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார். போன வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார். குடை பிடித்துப் போகிறவர்கள்தான் அதிகமாக வழுக்கி விழுகிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறது, குடையைத் தடை செய்துவிடலாமா என்றார். எல்லாரும் சிரித்தோம். வழுக்கியது மழையால், மழை பெய்ததால்தான் கையில் குடை. "சிரிக்கிறீங்க. ஆனா உங்கள்ல எத்தனை பேர் குடைக்குத் தண்டனை குடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை அண்ணி.

நீங்கள் பட்டதை உங்களுக்கே சொல்வது தப்புதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். ஏழு மாதத்துக்கு முன்பு, ஆடைத் தொழிற்சாலையில் நானூறு பேரில் தொண்ணூற்றொரு பேருக்கு ஒரே வாரத்தில் வாந்தியும் பேதியும் வந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் உங்கள் கேன்டீனில் எல்லாப் பாத்திரங்களையும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தீர்கள். பரிசோதனைக்கு எடுக்க ஒரு கரண்டிச் சாப்பாடு மிச்சமில்லை. அந்தச் சுத்தமே உங்களுக்கு எதிராகப் போனது. கையிலிருந்தது என் கேள்வித்தாள் மட்டும்தான்.

கேன்டீனில் சாப்பிட்டவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர்; அதில் அறுபத்திரண்டு பேருக்கு நோய். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். அதில் இருபத்தொன்பது பேருக்குத்தான். கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கேன்டீனுக்குச் சீல் வைத்தார்கள். பதினோரு வருஷம் நீங்கள் நடத்திய இடம். உங்கள் தம்பி கோபத்தில் என்னிடம் கத்தினார். நீங்கள் கத்தவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தீர்கள்.

பயிற்சிக்கு அவரவர் ஊர் விவரங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டுவந்தது இதைத்தான். என் கேள்வித்தாளில் ஒன்பதாவதாக ஒரு கேள்வி இருந்தது: தண்ணீர் எந்தக் கட்டடத்தில் குடித்தீர்கள்? எல்லாரும் பதில் சொல்லியிருந்தார்கள். நானே உட்கார்ந்து பதிந்திருந்தேன். ஆனால் அந்தப் பதில்களைத் திறந்து பார்க்கவே இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன்.

புதுக் கட்டடத்தில் தைக்கிறவர்கள் மாடித் தொட்டித் தண்ணீர் குடிப்பவர்கள். அவர்களில் கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு நாற்பது பேர் வீதம் நோய். அதே கட்டடத்தில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு. பழைய கட்டடத்தில் குழாய்த் தண்ணீர். அங்கே கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கும் நூற்றுக்கு ஐந்து, வீட்டுச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் நூற்றுக்கு ஐந்து. உங்கள் சாப்பாட்டால் எந்த வித்தியாசமும் இல்லை. புதுக் கட்டடத்துக்காரர்களுக்கு வீடு தூரம், விடிவதற்குள் கிளம்பி வருகிறவர்கள், சமைத்துக் கட்டிவர நேரமில்லை. அதனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

நாலு தடவை போட்டுப் பார்த்தேன். பாடம் நடத்தும் அம்மா பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. "இது கேன்டீனை விடுவிக்குது. தொட்டியைக் குற்றவாளின்னு சொல்ல இது மட்டும் போதாது. விசாரி" என்றார். தொழிற்சாலைக் குழாய் வேலைக்காரருக்குப் போன் செய்தேன். தொட்டி மூடி உடைந்து கிடந்ததாம், உள்ளே பறவைகள் செத்து மிதந்தனவாம். உங்கள் கேன்டீனுக்குச் சீல் வைத்த மறுநாள் தொட்டியைக் கழுவி மருந்து போட்டிருக்கிறார்கள். வாந்தி நின்றது. கேன்டீனை மூடியதால்தான் நின்றது என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

ஏன் அந்த ஒன்பதாவது கேள்வியைப் பார்க்காமல் விட்டேன் என்று கேட்பீர்கள். இரண்டு நாளில் அறிக்கை வேண்டும் என்றார்கள், நேரமில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. கேன்டீன் நடத்துவது என் நாத்தனார் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரி என்று சலுகை காட்டினாள் எனச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். கணக்கு உங்களுக்கு எதிராக வந்ததும் ஒரு நிம்மதி வந்தது அண்ணி. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிம்மதியில்தான் மேலே கேட்காமல் நிறுத்திவிட்டேன். வேறு யாருடைய கேன்டீனாக இருந்திருந்தாலும் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

ஊருக்கு வந்ததும் அறிக்கையைத் திருத்தக் கொடுக்கப் போகிறேன். அதற்குமுன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். படியில் மெதுவாக இறங்குங்கள்.

என்றும் உங்கள்
தம்பி மனைவி


வீடு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. பதில் வராவிட்டாலும் எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன்.

பயிற்சி முடிந்து வந்த மறுநாளே எங்கள் அலுவலகப் பெரிய டாக்டரிடம் புதுக் கணக்கைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குக் கிளறுறே? சொந்தக்காரிக்காகத் திருத்தினாள்னு பேசுவாங்கம்மா" என்றார். "அப்படிப் பேசுவாங்கன்னு பயந்துதான் சார் போன தடவை தப்புப் பண்ணினேன்" என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, நான் தொடாமல், விவரங்கள் அத்தனையையும் பாடம் நடத்தின அம்மாவுக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். பத்து நாளில் பதில் வந்தது. அவர் கையிலும் அதே கணக்குத்தான் வந்தது.

திருத்திய அறிக்கையில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் அறிக்கை தவறு, தவறு செய்தது இன்னார் என்று என் பொறுப்பையும் அதில் எழுதச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று எனக்கு வந்திருக்கிறது. வரட்டும், அது நியாயம். அறிக்கையின் நகலைத் தொழிற்சாலை வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுகிற அன்று நானும் போயிருந்தேன். அப்போது கர்ப்பமாக இருந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த தையல்காரப் பெண் கைக்குழந்தையோடு நின்று முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அக்கா எங்க இருக்காங்க? தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்திருந்தாங்களே, நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேனே" என்று அழுதாள். உங்கள் விலாசத்தைக் கேட்டாள். உங்களைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

கேன்டீனை இப்போது வேறொருவர் நடத்துகிறார். வருஷக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு நீங்கள் விரும்பினால் வரலாம் என்று மேனேஜர் சொல்கிறார். விரும்புவீர்களா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

உங்கள்
தம்பி மனைவி


மகள் வீடு,
திங்கட்கிழமை

அன்புள்ள தங்கத்துக்கு,

அண்ணி எழுதுவது. இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்குப் பதில் போடாதது கோபத்தால் இல்லை. கோபம் இல்லை என்று பொய்யும் எழுத மாட்டேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மருமகன் அந்தக் கணக்கை எனக்கு விளக்க வந்தார். தினமும் இருநூறு பேருக்கு அளந்து உலை வைத்தவளுக்கு நூற்றுக்கு நாற்பது புரியாதா என்று விரட்டிவிட்டேன்.

நீ கேன்டீன் போன கஷ்டத்தையே எழுதியிருக்கிறாய். அது போனது போகட்டும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அறிக்கையை எழுதியது வேறு யாராவதாக இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன். எழுதியது நீ. அதனால் நம்பிவிட்டேன். என் கைதான் அத்தனை பேரையும் படுக்கப் போட்டது என்று நம்பினேன். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு கிடந்தாளே, அன்றிலிருந்து நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. மகள் சமைப்பாள், நான் சாப்பிடுவேன். ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஒரு டம்ளர் கஞ்சி வைத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்ததுதான் மிச்சம். மருமகன் ஹோட்டலில் வாங்கி வந்தார். பெற்ற பிள்ளைக்குக் கடைக் கஞ்சி.

உன் முதல் கடிதத்தை அலமாரியில் வைத்திருந்தேன். நடுநடுவே எடுத்துப் படிப்பேன், நம்பப் பயமாக இருக்கும், திரும்ப வைத்துவிடுவேன். இரண்டாவது கடிதத்தில் இன்னொருவரும் சரிபார்த்தார் என்று படித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். மகள் பயந்துபோய், "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். யாருக்கும் எதுவும் ஆகலை, அதான் அழறேன் என்றேன்.

வருஷக் கடைசி விஷயத்தை அப்புறம் பார்ப்போம். முழங்கால் சம்மதிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு விலாசம் கொடு. குழந்தை பையனா பெண்ணா என்று நீ எழுதவே இல்லை. இத்தனை கணக்குப் போடுகிறவளுக்கு அது தோன்றவில்லையா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் தம்பியும் இங்கே வாருங்கள். மகளையும் மருமகனையும் அன்று சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதல் தட்டு உனக்குத்தான். வழியில் எதுவும் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். பசியோடு வா.

அண்ணி