எந்திரம் ஆடியது உன் கையால் அல்ல

என் அருமை மச்சான் ஞானாபரணம்,

உன்னோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுகம் விசாரிக்கிற இடத்தில் நீ இல்லை. இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். எந்தத் தபாலில் போட்டாலும் இது உன் கைக்கு வராது என்று தெரியும். அதனால் ஊரில் எழுத்து வாசிக்கத் தெரிந்த எல்லாரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

உன்னை அடக்கம் செய்த மண் காய்வதற்குள், உன் அப்பா, அதாவது என் மாமனார், துக்கம் கேட்க வந்தவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்க மவன் நல்லவந்தான். ஆனா எந்திரம் அவனுக்க கைக்கு வசப்படல்ல. வள்ளத்த நாசமாக்கிப் போட்டுட்டுப் போயிட்டான்." பந்தலில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். உள்ளே உன் மனைவி ரோசம்மாள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் அழுதபோதுகூட நான் தாங்கிக்கொண்டேன், மச்சான். அவள் நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவின் எந்திர வள்ளத்தில் நீ போன கடைசி ஓட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பூவாறு போகிற வழியில் எந்திரம் கிடந்து குதித்தது. பின்னால் இருக்கிற விசிறிக்குப் போகும் ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டு, வள்ளத்தைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறியது. கொப்பரை மூட்டைகள் நனைந்து போயின. ஏறியிருந்த ஆட்களை ஒருவர் விடாமல் கரையில் இறக்கிவிட்டு, நீ மட்டும் பகல் முழுக்க உள்ளே நின்று தண்ணீர் இறைத்தாய். அந்த நனைவோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுதான் போயிற்று. கொப்பரை நனைந்ததைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எந்திரம் ஏன் குதித்தது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

நான் கேட்டேன். எனக்குத் தெரிந்தது தக்கலையில் அரிசி மில் எந்திரம். அது கருங்கல் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தண்ணீரும் இல்லை, அலையும் இல்லை. வள்ளத்து எந்திரம் எனக்குப் புதுசு. ஆனாலும் காரணமில்லாமல் இரும்பு ஆடாது என்கிற அளவுக்காவது தெரியும் அல்லவா? மில்லில் விடுப்புச் சொல்லிவிட்டு, உன் தங்கை தாயம்மாளையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டில் வந்து தங்கினேன்.

படித்துறையில் கட்டிப் போட்டிருந்தபடியே எந்திரத்தை மெதுவாக ஓடவிட்டேன். எந்திரத்தின் பாதம் மரக்கட்டைமேல் உட்காருகிற இடத்தில், பாதி இரும்பிலும் பாதி மரத்திலும் படும்படி பெருவிரலை வைத்துப் பார்த்தேன். பிடிப்பு சரியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து அதிரும். இங்கே இரும்பு ஒரு பக்கம் நகர்ந்தது, மரம் ஒரு பக்கம் நின்றது. திருகாணியைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துருப்பொடி கொட்டிக் கிடந்தது. எந்திரத்தை நிறுத்திவிட்டு ஆணியைத் தொட்டால் வெறும் விரலுக்கே சுற்றுகிறது! வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த கட்டை, அவித்த மரச்சீனிக் கிழங்கு போல ஆகியிருந்தது. அதில் ஆணியை எவ்வளவு முறுக்கினால்தான் என்ன?

இதெல்லாம் உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பின்பக்கத்து இரண்டு பாதங்களுக்கும் அடியில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடுக்கி வைத்திருந்தாயே. ஓரமெல்லாம் அரம் போட்டு, வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ' என்று ஆணியால் கீறி வைத்திருந்தாய். கண்டதைத் திணிக்கிறவன் செய்கிற வேலையா அது? அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு முதல் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தவன் வாயைத் திறந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது ஆட்டுக்கறி போதவில்லை என்று மட்டும் வாய் கிழியப் பேசினாய்.

சரி, கட்டையை மாற்ற வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். வள்ளத்தை மணலில் ஏற்றித் தென்னந்தடிகள்மேல் வைத்தோம். கெட்டுப்போன மரத்தை நல்ல மரம் தெரிகிறவரைக்கும் செதுக்கி எடுத்து, மேல்மட்டம் மாறாமல் காய்ந்த அயினிமரப் பலகையைப் பொருத்தினேன். மரத்தோடு நிற்கிற திருகாணி இனி வேண்டாம் என்று, கட்டையை ஊடுருவி அடியில் தகடும் நட்டும் போட்டு இறுக்குகிற நீள போல்ட்டுகளை இரணியல் கொல்லனிடம் அடித்து வாங்கினேன். அதற்கெல்லாம் மாமா சம்மதித்தார். உன் தகரங்களைக் கண்டதும்தான் அவருக்கு ஆவேசம் வந்தது.

"பாத்தீரா மருமவனே, உம்ம மச்சானுக்க மராமத்த! எனக்க எந்திரத்துக்கு அடியில குப்பையத் திணிச்சு வச்சிருக்கான். பெறவு அது ஆடாம என்ன செய்யும்?"

"மாமா, குப்பை இல்ல. இது அளவு பாத்து வெட்டுனதாக்கும்."

"அளவு! கரையில வச்சுப் பாத்தா எல்லாம் நேராத்தான இருக்கு? நீரே பாரும்!"

பார்த்தேன். எந்திரத்து முனையில் ஒரு வட்டத் தகடு, ஷாப்ட் முனையில் ஒரு வட்டத் தகடு. இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தினால்தான் எந்திரம் ஆடாமல் ஓடும். மணலில் இருக்கும்போது உன் தகரம் இல்லாமலே இரண்டும் அச்சாகப் பொருந்தின. அவர் சொல்வதுதான் சரியோ என்று நானும் நினைத்தேன். அவர் தகரங்களை வாரி மணலில் எறிந்தார். தாயம்மாள் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அண்ணன் செய்த சாமான் என்று எடுத்தாளே தவிர, வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

உன் அப்பாவின் அந்தப் பழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் வள்ளத்தைக் கரையேற்றி, எந்திரத்தைப் பூட்டி, சபை உபதேசியாரை வரவழைத்து ஜெபம் பண்ணுவார். அதற்குப் பிறகு அடுத்த கரையேற்றம்வரை எந்திரத்தின் பாதத்தில் யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது. நீ தகரம் சொருகியதும் அவருக்குத் தெரியாமல்தான் இருக்கும். முதல் வருஷம் ஜெபம் முடிந்த கையோடு எந்திரம் பூட்ட வந்த ஒரு பிட்டர் அதைக் கழற்றப் போய் விரலை நசுக்கிக்கொண்டானாம். ஜெபம் பண்ணிய பிறகு ஸ்பானர் எடுப்பது கர்த்தரை நம்பாததற்குச் சமம் என்று அன்றைக்கு முடிவு கட்டியவர்தான். கர்த்தர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

இந்த முறையும் ஜெபம் நடந்தது. வள்ளம் தண்ணீரில் இறங்கியது. மாமா, உபதேசியார், நான், தாயம்மாள், இன்னும் நாலைந்து பேர் ஏறினோம். புதுக் கட்டை, புது போல்ட்டு, எல்லாம் புதுசு. ஆனால் எந்திரம் பழையபடி குதித்தது! ஷாப்ட் போகிற துளையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மாமா என்னைப் பார்க்காமல் தென்னந்தோப்பைப் பார்த்தார். "அவன் ஓட்டி ஓட்டி எந்திரத்துக்க பழக்கமே கெட்டுப்போச்சு" என்றார். மச்சான், அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை மாமனார் என்றுகூட நினைக்கவில்லை. செத்துப்போன பிள்ளை இன்னும் எத்தனை காலத்துக்குப் பழி சுமக்க வேண்டும்?

எந்திரத்தை அணைத்தேன். ஸ்பானரை எடுத்தேன்.

"லேய், ஜெபம் பண்ணுன எந்திரத்துல கை வைக்கியா?"

"வைக்கியேன் மாமா. விரல் போனா எனக்க விரலுதான போவும்?"

அவர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியாருக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்கே தெரியும். சொட்டுகிற தண்ணீரிலேயே கண்ணாக இருந்தவர், "ஐயா, நான் ஜெபம் பண்ணுனது வள்ளத்துல ஏறுத ஆளுவளுக்காக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் செய்த பிரசங்கங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

தகடுகள் இரண்டையும் பிணைத்த போல்ட்டைக் கழற்றி, நடுவில் பேனாக்கத்தியை விட்டுப் பார்த்தேன். மேலே கத்தி நுழையவில்லை. கீழே தாராளமாகப் போய் வந்தது. கரையில் அச்சாக இருந்தது தண்ணீரில் எப்படி விலகும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணலில் தென்னந்தடி வள்ளத்தின் வயிற்றை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தண்ணீரில் அந்தத் தாங்கல் இல்லை. வள்ளம் தன் இஷ்டத்துக்கு வளைந்து கொடுக்கிறது. கரையில் பார்த்த நேர் கரையோடு சரி. மில்லில் கல்மேல் எந்திரம் ஓட்டுகிற எனக்கு இது எங்கே தெரியும்? உனக்குத் தெரிந்திருந்தது.

கடப்பாரையால் எந்திரத்தின் பின்பாதத்தைச் சற்று நெம்பினேன். கீழ் இடைவெளி மூடியது. அடியில் எதை எவ்வளவு கனத்துக்கு வைப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, தாயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் நீட்டினாள். வலதுக்கு வலது, இடதுக்கு இடது வைத்து இறுக்கினேன். மறுபடி கத்தியை விட்டுப் பார்த்தேன். மேலேயும் நுழையவில்லை, கீழேயும் நுழையவில்லை. எந்திரம் கிளம்பியது. வள்ளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பலகைமேல் வைத்திருந்த உபதேசியாரின் மூக்குக்கண்ணாடிகூட நகரவில்லை. தாயம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அளவு சரியாக இருந்தும், அதைப் பிடித்து நிறுத்த நல்ல கட்டையும் நல்ல போல்ட்டும் இல்லாமல்தானே நீ போனாய்!

இனிமேல்தான் சண்டை. பூவாறுக்குத் திரும்புகிற இடத்தில் மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். எந்திரத்துப் பாதத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் காதோடு வாயை வைத்துக் கத்தினார்: "அவன் எங்கிட்ட சொன்னான் மருமவனே. ரெண்டு மட்டம் சொன்னான். தண்ணியில வச்சுப் பாக்கணும்ப்பா, கட்டைய மாத்தணும்ப்பான்னான். நாந்தான் வாய மூடுலேன்னு ஏசிப்போட்டேன்."

எந்திரச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. விழாது என்று தெரிந்துதான் சொன்னார். திரும்பி வந்தபோது படித்துறையில் நம் ரோசம்மாள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பந்தலில் தலையாட்டிய ஆட்களும் நின்றார்கள். நான் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தேன். "வள்ளம் நல்லாட்டு ஓடுது, கர்த்தருக்க கிருபை" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். உன் பேரைச் சொல்லவில்லை.

வாய் திறக்கவில்லை என்று உன்னைத் திட்டினேனே, அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ திறந்திருக்கிறாய். மூடச் சொன்னது அவர். பிள்ளையைப் பறிகொடுத்தவர், வயசானவர், விட்டுவிடுங்கள் என்று தாயம்மாள் கெஞ்சுகிறாள். அவருடைய துக்கம் எனக்குத் தெரியாதா? ராத்திரியில் அவர் விசும்புவது எங்கள் அறைவரை கேட்கிறது. ஆனால் உன் பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, மச்சான். நாளைக்கு அது நடந்து போகும்போது, வள்ளத்தைக் கெடுத்தவன் மகன் என்று ஒருவன் சொல்லலாமா? பந்தலில் வைத்து ஊர் கேட்க உன்னைப் பழித்தார். திருத்தமும் ஊர் கேட்கத்தான் வர வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் படித்துறைக்குக் கூட்டிப் போவேன். ரோசம்மாளையும் பிள்ளையையும் முன்னால் நிறுத்துவேன். எந்திரத்தை அணைத்து வைத்துவிட்டு, என் காதில் கத்தியதை அப்படியே மெதுவாகச் சொல்லச் சொல்வேன். சொல்லும்வரை வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் தங்கை தாயம்மாளின் புருஷன்,
தாசையன்