மிளகாய்ச் செடியைப் பிடுங்கிடாதீங்க

என்னங்க, ஸ்கேனுக்குத் தனியாவே போறேன். நீங்க கூட வந்தா அழுதுடுவேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

மிளகாய்ச் செடியை மட்டும் பிடுங்கிடாதீங்க. "ஒரு வருஷம் காய்ச்சாச்சு, அதோட கதை முடிஞ்சுது"ன்னு நேத்து நீங்க சொன்னதும்தான் அப்படிக் கத்திட்டேன். இலையெல்லாம் கொட்டினாலும், தண்டுக்குள்ள பச்சை இருந்தா அடுத்த வருஷமும் துளிர்க்கும். நகத்தால லேசா கீறிப் பாருங்க. எனக்குத் தைரியம் வரல.

பி.கு: போன வருஷம் கட்டி எடுத்த இடத்துல மறுபடி ஏதோ தட்டுப்படுது. பத்து நாளா உங்ககிட்ட மறைச்சுட்டேன்.

இன்னொண்ணு: செடியைக் கீறிப் பார்த்துட்டு உடனே போன் பண்ணுங்க. காய்ஞ்சிருந்தாலும் பச்சைன்னே சொல்லுங்க.