பின்சுவரில் நீ போட்ட துளை

அண்ணே,

இன்று மத்தியானம் வீடெல்லாம் சூடான பருத்தித் துணியின் வாசனை. துணி காயவைக்கும் அந்த டிரையர் சூடாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் நீ மூன்று முறை வந்து பார்த்தும் சூடாகாமல், நீ போன பிறகு பழைய பேப்பர் அடுக்கும் மேசையாகிப்போன அதே மெஷின்தான். அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம் வரவில்லை.

கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது அவர் அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று நீ வாசலில் நின்று சிரித்தாய். "உப்பே வெயில்ல காயுத ஊரு. இங்கன துணி காய மெஷினாளா? மாப்பிள்ள அடுத்த தடவ கடலுக்கு மூடி கொண்டாருவாரு." சிரித்துக்கொண்டேதான் மீட்டர் போர்டிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்தாய். ஈரக்காற்று வெளியே போகப் பின்சுவரில் துளை போட்டு, குழாயைச் சொருகிச் சிமெண்ட் பூசினாய். ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லாம்ப் வைத்து இரண்டு தடவை பார்த்தாய். நீயே கட்டிய வயரைக்கூட நீ நம்பியதில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பாப்பாவுக்கு நாலு மாதம். நெஞ்சில் சளி கட்டி இளைப்பு. ஈரத்துணி உடம்பில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறைக்கு அறை கொடி கட்டியும் அவள் துணி ஒன்றும் காயவில்லை. அந்த வாரம் பார்த்து மெஷின் சண்டித்தனம் செய்தது. உருளை சுற்றும், சத்தம் வரும், சூடு மட்டும் இல்லை. துணி போட்டபடியே கனமாக, சில்லென்று வெளியே வரும்.

நீ வந்து பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த சின்னப் பொத்தானை அழுத்துவாய். சூடு வரும். நீ தெருமுனை தாண்டுவதற்குள் அணைந்துவிடும். மூன்றாம் முறை தரையில் குந்தி உட்கார்ந்து யோசித்தாய்.

"சூடாக்குத காயில் நல்லாருக்கு. கரண்டும் வருது. உள்ள சூடு தங்கிப்போச்சுன்னா இது தன்னால அணைஞ்சிரும். பின்னால குழாய் தொறந்துதானளா இருக்கு?"

"தொறந்துதான் இருக்கு" என்றேன்.

இல்லை. வாடைக்காற்று அந்தக் குழாய் வழியாக உள்ளே வந்து தொட்டிலில் அடிக்கிறது என்று, நான்தான் வெளிப்பக்கமாகப் போய்ச் சாக்குத் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. சொன்னால் நீ அதை எடுத்துவிடுவாய், காற்று மறுபடி பிள்ளைமேல் அடிக்கும் என்று பயந்தேன். இத்தனை பெரிய மெஷினை ஒரு சாக்குத் துண்டு என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்தவள் நினைத்தது இது. ஒன்பதாவதோடு நின்ற நீ சரியான கேள்வியைக் கேட்டாய்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பத்தடி நடந்து பின்பக்கம் போய் நீ பார்த்திருக்கலாம். போகவில்லை. வயரை நம்பாதவன் என் வார்த்தையை நம்பினாய். படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உனக்கு.

சூடு மிஞ்சினால் அணைக்கும் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு வயரை நேராகக் கட்டு என்றேன். "சூடாகும்ளா. தீயும் பிடிக்கும். பிள்ள தூங்குத வீட்டுல அத நான் செய்ய மாட்டேன்" என்றாய். அப்போதுதான் சொன்னேன், "நாலெழுத்து படிச்சவனக் கூப்பிட்டிருக்கணும். ஒன்னய நம்பி மெஷினத் தொட விட்டேன் பாரு."

 ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் பழையபடி முடுக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய். அதோடு நான் நிறுத்தவில்லை. அண்ணன் கைவைத்து மெஷின் போச்சு என்று கப்பலுக்கு எழுதினேன். ஃபேனுக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் உன்னையே கூப்பிட்ட பக்கத்து வீட்டம்மாக்களிடமும் சொன்னேன். அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். தை பிறந்ததும் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பங்குனியில் அவர் லீவில் வந்தார். பாப்பாவைத் தூக்கி மெஷின்மேல் உட்காரவைத்து, "இது ஒங்க மாமன் பாத்த வேல" என்று சிரித்தார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷ மழையில் பின்சுவரில் துளையைச் சுற்றி ஈரம் ஊறத் தொடங்கியது. அதற்காகத்தான் இன்று காலை சாக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு உள்ளே வந்து, நீ செய்ததைப் போலவே பின்மூடியைக் கழற்றிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. அணையவே இல்லை.

அடுத்த மாதம் அவர் வருகிறார். பாப்பாவுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. மாமன் என்றால் யார் என்று கேட்கிறாள். அவர் மறுபடியும் அந்தப் பேச்சை எடுப்பார். அப்போது சாக்கு நான் அடைத்தது என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். அதை மட்டும் எழுதவில்லை, அண்ணே. எழுதினால் நீ நம்பிவிடுவாய்.