நாலு நாள் கோர்டோபா

என்ரை சிநேகிதிக்கு,

இன்று காலை பருப்புக்குள் தவறான தூளைப் போட்டுவிட்டேன். மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் நீ வாங்கித் தந்த சிவப்புத் தகரப் பேணி இருந்தது. புகையில் காயவைத்து இடித்த ஸ்பானிய மிளகாய். மூடியைத் திறந்ததும் குசினி முழுக்கச் சுட்ட கத்தரிக்காய் மணம். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அதை வாங்கி என் கையில் வைத்து, "இப்பவே நாக்கைப் பழக்கு, அங்கை போய் முழிக்கக்கூடாது" என்றாய். நான் பழக்கவில்லை. பேணியை இன்றுதான் திறந்தேன், அதுவும் கைதவறி.

இப்படி ஒரு மணம் வந்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை, பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். பெப்ரவரியிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. கன்னம் இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் நோகாது.

நாங்கள் வேலை செய்த நோர்வே முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் உரித்த உருளைக்கிழங்கைக் குவித்தால் ஒரு மலை வரும். அங்கே அவித்த மீன், வீட்டுக்கு வந்தால் சோறு, கறி. ஒருநாள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சொன்னாய்: "எடியே, ஒரு நாலு நாளைக்கு எங்களுக்கு ஆரும் சமைச்சுத் தரட்டுமன். நாங்கள் கதிரையிலை இருந்து சாப்பிடுவம்." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்துவிட்டாய்.

ஸ்பெயினின் கோர்டோபா. சிவப்பும் வெள்ளையுமாக வளைந்த வளைவுகள், எண்ணி முடியாத தூண்கள். பள்ளிவாசலாகக் கட்டியதன் நடுவிலே பிறகு தேவாலயத்தை எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் பார்த்து முடிக்கவிடாமல் பக்கத்தைத் திருப்பினாய். "தூண் எங்கையும் ஓடாது. இதைப் பார்." மெல்லிசாக வெட்டிப் பொரித்த கத்தரிக்காய், மேலே தேன். "கத்தரிக்காய்க்குத் தேனோ? விசரே?" என்றேன். "அதைத்தானே போய்ப் பாக்கப்போறம்."

கட்டம் போட்ட கொப்பியில் நாலு நாளையும் எழுதினாய். வியாழன் மாலாகாவில் இறங்கி ரயில். வெள்ளி காலை தூண்கள், பின்னேரம் யூதர்களின் பழைய தெரு ஒழுங்கைகள், சனி ஆற்றுப் பாலமும் சந்தையும், ஞாயிறு திரும்பல். ஆனால் வெள்ளிக்கிழமைதான் உன் தலையிடி. வெள்ளியில் நீ மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டாய், ஸ்பெயினோ தக்காளியும் பாண் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சூப்பின்மேல்கூடப் பன்றி இறைச்சியைத் தூவுகிற நாடு. ஆகவே ஸ்பானியத்தில் ஒரேயொரு வசனம் பாடமாக்கினாய், 'இறைச்சி போடாமல் தாருங்கோ' என்று. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தாய். நோர்வேக்காரிகள் பிரார்த்தனை என்று நினைத்துப் பேசாமல் விலகிப் போனார்கள்.

ஒக்ரோபருக்கு ரிக்கெற் எடுத்தோம். புறப்பட ஒன்பது நாள் இருக்கையில் டொரொன்டோவில் இவருடைய சித்தப்பாவின் மகன் ஒருவர் மோசம் போனார். நான் அவரைக் கண்டதில்லை, குரலும் கேட்டதில்லை. பங்காளி வழியில் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. லோறென்ஸ்கூக்கிலிருந்து இவருடைய சொந்தத்தில் ஒரு மாமி ஃபோன் எடுத்தா: "துடக்கு வீட்டிலை இருந்துகொண்டு ஊர் சுத்தப் போறியோ பிள்ளை? சனம் என்ன சொல்லும்?"

நான் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை, உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன்.  நீ, "சரி, ஏப்ரலிலை போவம். கத்தரிக்காய் என்ன ஓடியே போகப்போகுது" என்றாய். ரிக்கெற் இரண்டையும் ஏப்ரலுக்கு மாற்றினாய், ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நீ இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் இன்று எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

பெப்ரவரியில், மோர்டென்ஸ்ருட்டில் வேலைக்கு ரயில் ஏற நடந்துவந்த வழியில் விழுந்தாய். நெஞ்சடைப்பு. நான் மேசையின் இந்தப் பக்கம் நின்று, உனக்குப் பனியில் வண்டி பிந்துகிறதாக்கும் என்று உன் பங்குக் கிழங்கையும் உரித்தேன். செய்தி வந்த பிறகும் உரித்தேன். பொறுப்பாளர் வந்து கத்தியைக் கையிலிருந்து எடுக்கும்வரை நிறுத்தவில்லை.

உன் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. உறவுக்காரர் எல்லோருக்கும் துடக்கு. துடக்கில்லாத வெளியாள் நான், ஆகவே எட்டாம் நாள் எட்டுச் செலவுவரை என் வீட்டிலிருந்து சோறும் கறியும் காவினேன். கதிரையில் இருந்து சாப்பிட ஆசைப்பட்டவளின் செத்தவீட்டுக்கும் நான்தான் சமைத்தேன். எட்டன்று படையலுக்கு உன் மகள் கேட்டாள்: "அன்ரி, அம்மாவுக்கு என்ன விருப்பம்?" நண்டுக்கறி, இறால் வடை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நீ ஆசைப்பட்ட சாப்பாட்டை நீ ஒருநாளும் உண்டதில்லை, அதை எப்படி இலையில் வைக்கச் சொல்வது? 

கண்டறியாத ஒருவருக்காக உன்னை ஒக்ரோபரில் மறித்தேன். உனக்காக என்னை ஒருநாள்கூட மறிக்க ஒரு முறையும் இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. மரத்துப்போய் வேலைக்குப் போனேன், வந்தேன்.

நீ போய் மூன்றாம் கிழமை மாமி மறுபடி ஃபோன் எடுத்தா. அவவின் பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் சனிக்கிழமை சாமத்தியவீடு, நான் ஆலாத்தி எடுக்கவேணுமாம். என் வாய் தன்பாட்டில் சொன்னது: "நான் வரேலாது மாமி. எனக்குத் துடக்கு."

"ஐயோ, ஆர் மோசம் போனது?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அது வேறை ஆக்களெல்லே பிள்ளை!"

"ஓம் மாமி, வேறை ஆக்கள்தான். முப்பத்தொண்டு முடிய வாறன்."

மாமி அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. நான் முப்பத்தொரு நாளும் மச்சம் தொடவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, ஒரு கொண்டாட்டத்திற்கும் போகவில்லை. சாப்பாட்டில் டொக்டர் ஏதோ மறித்துவிட்டார் என்று இவர் நினைத்துக்கொண்டார். கடைசி நாள் தலைமுழுகிவிட்டுத் தனியே ஒரு தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவுதான் கிரியை.

இன்று மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் இவரிடம் சொன்னேன்: "வியாழன் நான் ஸ்பெயினுக்குப் போறன்."

"ஆரோடை?"

"தனிய."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தனியே போகிறேன் என்ற பயமாக்கும், அல்லது உன் பெயரைச் சொல்லி ஒரு ஆறுதல் வார்த்தையாக்கும் என்று நினைத்தேன். கடைசியில் கேட்டார்: "அப்ப நாலு நாளும் சாப்பாடு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெப்ரவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. இதை உனக்கு உடனே சொல்லவேணும் என்று அறைக்குள் போய் உன் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடித்தது. அடிக்கும்போதுதான் விளங்கியது.

"சொல்லுங்கோ அன்ரி" என்றாள் உன் மகள். உன் ஃபோனை அவள் இன்னும் நிறுத்தவில்லை.

வேறு வழியில்லாமல் அவளிடமே சொன்னேன். அவள் உன்னைப்போலவே மூக்கால் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அன்ரி, அம்மான்ரை ரிக்கெற் சும்மாதானே கிடக்கு. பேரை மாத்தலாமோ எண்டு கேட்டுப் பாக்கட்டோ? நான் வரட்டோ?"

 கட்டிலின் விளிம்பில் இருந்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சத்தம் வைத்து அழுதேன். அவள் ஃபோனை வைக்காமல் காத்திருந்தாள்.

"வா பிள்ளை" என்றேன்.