ஊடால மழை

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

போன வாரம் தொப்பலாக நனைந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். நம் இணையக் கடையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரைக்குடி மாடியிலிருந்து நேமத்தான்பட்டிக்கு இணையம் அனுப்ப, போன வருஷம் புதுக் கருவி வைத்தோமே, நினைவிருக்கிறதா? பழையது மெதுவானது, ஆனால் மழையைச் சட்டை செய்யாது. புதியது நல்ல வேகம். "இதோட அலை அரிசிமணி நீளந்தான் மாப்ள. மழைத்துளியும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தான். பெருமழை பேஞ்சா முட்டி மோதிப் பாதி போய்ச் சேராது" என்றீர்கள். பழையதும் ஓரமாக இருக்கட்டும் என்றீர்கள். வீண் கரண்டு என்று நான்தான் அதைக் கழற்றிப் போட்டேன்.

பிறகு புகார் நோட்டில் உங்கள் எழுத்தில் அடிக்கடி ஒரு காரணம் வர ஆரம்பித்தது. 'ஊடால மழை.' இங்கேயும் பெய்யவில்லை, அங்கேயும் பெய்யவில்லை, நடுவழியில் மட்டும் பெய்தது என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவன் வயிற்றுவலி என்பதுபோல எனக்கு இருந்தது. வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள்.

ஒருநாள் நேமத்தான்பட்டிக்காரர் ஒருவர் கோபமாகக் கடைக்கு வந்தார். மதியம் அவருடைய மகளுக்கு வேலைக்கான இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தபோது இணையம் அறுந்துவிட்டது. நீங்கள் மழை என்றீர்கள்.

"எங்க ஊர்ல வெயிலு சுள்ளுன்னு அடிச்சுச்சு. இங்குட்டும் ஒரு பொட்டு இல்ல. எந்த ஊரு மழையச் சொல்றீக?"

அவருக்கு முன்னால் நான் சொன்னேன்: "பொய் சொல்லாதீக மச்சான். நீங்க போய்ப் பாக்கவே இல்ல."

உங்கள் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. நான் பார்த்தது அதை மட்டும்தான். நீங்கள் நோட்டில் எழுதிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். அதற்குப் பிறகு நமக்குள் வேலைப் பேச்சு மட்டுமே இருந்தது. பங்குனியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை மச்சான். தப்புச் செய்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாதே.

போன வாரம் நேமத்தான்பட்டிக்கு வண்டியில் கிளம்பினேன். கிளம்பும்போது நல்ல வெயில். பாதி வழியில் அந்தக் கண்மாய்க்கரை ஏறியதும் வாளியால் மொண்டு ஊற்றியதுபோல மழை. புளியமரத்தடியில் ஒதுங்கியபோது போன் அடித்தது. அன்று கோபமாக வந்த அதே ஆள்தான்.

"நெட்டு போயிருச்சு தம்பி. இங்க வெயிலு அடிக்கிதே?"

மழை விட்டதும் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கால் மணி நேரத்தில் மழையும் நின்றது, இணையமும் வந்தது. மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கேட்கிறாள், "எங்கடா நனஞ்ச? இங்க தூத்தல்கூட இல்லையே."

"ஊடால பேஞ்சுச்சு அக்கா."

அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "அந்தப் புள்ளைக்கு இன்டர்வியூ அறுந்துச்சுன்னியே, அன்னைக்கு அவுகளும் இப்படித்தான் வந்தாக. தலையத் தொவட்டி, வேற சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் கடைக்குக் கெளம்புனாக."

நனைந்த சட்டை வீட்டுக் கொடியில் கிடக்கிறது, போய்ப் பாருடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா?

அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டுப் பேசி வேலை கொடுத்துவிட்டார்களாம். நேற்று பழைய கருவியைத் துடைத்து மாடியில் ஏற்றினேன். பெருமழையில் புதியது படுத்தால் இனி இது மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். பிறகு புகார் நோட்டில் அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'ஊடால மழை' என்று நீங்கள் எழுதியதற்குக் கீழே, 'நேரில் பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி யார் மழை என்று சொன்னாலும், நடுவழிவரை போய் நின்று பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களைச் சந்தேகப்பட்ட, உங்களுடைய
மச்சினன் கணேசன்