முன்பாய் சுருட்டும் கயிறு

ஜூன் 6

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். அப்பாவுக்காக ஒரு சொல்கூட மாற்றமாட்டேன்.

போன பயணத்தில் காற்று வலுத்தபோது, அப்பா பாய்மரப் படகின் மூக்குவரை தவழ்ந்துபோய் முன்பாயை இறக்கினாரே, கால் வழுக்கிக் கம்பியில் தொங்கினாரே, அன்று நீ சொன்னதை அவர் மறக்கவில்லை. "உட்கார்ந்த இடத்துலேருந்து பாயைச் சுருட்ட முடிஞ்சா இனி படகுக்கு வரேன். இல்லேன்னா நீங்களும் கடலுமா குடித்தனம் பண்ணுங்க."

அதனால் முன்பாயின் அடியில் சுழலும் உருளை ஒன்று பொருத்தினோம். அதில் சுற்றிய கயிறு தளத்தின் ஓரமாக அப்பாவின் இருக்கைவரை வருகிறது. அதை இழுத்தால் பாய் சுருள வேண்டும். இன்று சோதித்தோம். பாய் அழகாக விரிந்தது. ஆனால் விரிய விரிய உருளையிலிருந்த கயிறெல்லாம் கழன்றுவிட்டது. சுருட்டுவதற்கு இழுக்கக் கயிறே இல்லை. அப்பா மறுபடியும் முன்னால் தவழ்ந்தார்.

"இதை அம்மாவுக்கு எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன்.

உன் புத்தகப்புழு

ஜூன் 13

என் புத்தகப்புழுவுக்கு,

மறைக்காமல் எழுதினாயே, அதற்கு நன்றி கண்ணே. படித்ததும் கோபம்தான் வந்தது.

என் அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் வெயிலுக்குத் துணித்திரை இறக்குவார்கள். துணி இறங்க இறங்க, அதைச் சுருட்டும் குழாயின் முனையில் கயிறு சுற்றிக்கொள்கிறது. மாலையில் அந்தக் கயிற்றை இழுத்தால் துணி சுருண்டு மேலே போகிறது. நான் நெடுநேரம் நின்று பார்த்ததைக் கண்டு, "என்னம்மா, கடையை விலைக்குக் கேக்கப்போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

நீங்கள் தலைகீழாகச் சுற்றியிருக்கிறீர்கள். பாய் சுருண்டிருக்கும்போது உருளை காலியாக இருக்கட்டும். பாய் விரியும்போது அது கயிற்றை வாங்கிக்கொள்ளும்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. அப்பா முறுக்கிக்கொள்வார்.

அம்மா

ஜூன் 20

அன்புள்ள அம்மா,

நீ சொன்னதாகத்தான் சொன்னேன். அப்பா உருளையில் சுற்றியிருந்த கயிற்றையெல்லாம் கழற்றிவிட்டு, "உங்கம்மா இங்க இருந்திருந்தா இவ்வளவு பாடு இல்ல" என்றார்.

இன்று நல்ல காற்று. தளத்தில் தண்ணீர் ஏறி அடித்தது. அப்பா உருளைக் கயிற்றை இழுக்க, நான் பாயின் மறுமுனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டேன். பாதியில் சிக்கியது. நான் அவசரப்பட்டுத் தளரவிட்டதுதான் காரணம். அப்பா எழுந்துவிட்டார். முன்னால் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "நீ கயித்தை இறுக்கு, நான் மெதுவா இழுக்கறேன்" என்றார். பாய் முழுவதும் சுருண்டது.

கரைக்கு வந்து, இரவு நான் இதை எழுத உட்கார்ந்ததும், "அம்மாவுக்கு நன்றின்னு எழுது" என்றார்.

"நீங்களே எழுதுங்க" என்று பேனாவை நீட்டினேன். அவர் எழுதியது இதுதான்:

இனி முன்னால் போகமாட்டேன். நீ வா.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் முகத்தைப் பார்ப்பதற்குள் அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.

உன் புத்தகப்புழு