அம்மாவுக்குப் புரிந்த ஐந்து நிமிடம்

கல்லூரிக் கணக்கில் இடம் நிறைந்துவிட்டதாம். பழைய வீடியோக்களை அழிக்கும்படி காலையிலேயே செய்தி வந்துவிட்டது. எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவள், நம் மாநாட்டுப் பதிவில் வந்து மாட்டிக்கொண்டேன். ஓட்டக்கூட இல்லை. திறந்ததுமே நீ நிற்கிறாய். ஹெட்போன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. வாய் பாதி திறந்தும் கண் பாதி மூடியும் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்த ஒரு படத்தை வைத்தே வருடம் முழுக்கக் கேலி செய்திருப்பேன். இன்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

உனக்கு எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. முதலில் மாநாட்டைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். அதனால் சொல்வது எளிது.

உடற்கூறியல் துறையில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. உடற்கூறியலும் மருத்துவக் கல்வியும் பற்றி ஒரு மாநாடு நடத்தும் வேலையை நம் இருவர் தலையிலும் கட்டினார்கள். அரங்கம் பேசி, சாப்பாட்டுக்கு ஆள் பார்த்து முடித்த நேரத்தில் ஊரடங்கு வந்தது. எல்லாம் இணையத்துக்குப் போயிற்று. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீ சிரித்தாய். "ஏளா, நல்லதாப் போச்சு. மேடை இல்ல, பொன்னாடை இல்ல, பிரியாணி இல்ல. இனி விசயம் உள்ளவன் மட்டுந்தான் பேசுவான்" என்றாய். அதில் நீ தோற்றாய். விசயம் இல்லாதவர்கள்தான் கூடுதலாகப் பேசினார்கள், மணியடித்து உட்கார வைக்க ஆள் இல்லாததால்.

ஒரு பேராசிரியர் மூளை நரம்புகளைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. தொடக்க உரை முடியும் முன்பே, சான்றிதழ் எப்போது வரும் என்று கீழே எழுதிக் கேட்டவர்கள் பாதிப் பேர். மின்சாரம் போனால் மானம் போய்விடும் என்று, நீ யாரோ சொந்தக்காரரின் விசைப்படகிலிருந்து பெரிய பேட்டரியை இறக்கிக் கொண்டு வந்தாய். ஃபார்மலின் வாடைக்குப் பழகிய நம் துறையில் மாநாடு நடந்த இரண்டு நாளும் மீன் கவிச்சி அடித்தது. திரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் வரவேற்றோம்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. முதலாண்டுப் பிள்ளைகள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். ஒரு உடலைத் தொடாமலே அவர்களுக்கு ஒரு வருடம் போய்க்கொண்டிருந்தது. டிசெக்‌ஷன் ஹால் பூட்டிக் கிடந்தது. உடல் தானம் நின்று போய், மேசைகளும் காலி. திரையில் உடலைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் மென்பொருளை ஒருவர் புகழ்ந்தபோது, நீ மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் பொரிந்தாய்: "படத்துல நரம்பு மஞ்சளா இருக்கும், ரத்தக்குழா செவப்பா இருக்கும். ஆளுக்குள்ள எல்லாம் ஒரே நெறமால்லா கெடக்கு. இதப் படிச்சிட்டு வாரவன் ஆளத் தொறந்தா முழிப்பான்." அப்புறம் டிரிப் ஸ்டாண்டில் செல்போனைக் கட்டி, நம்மிடம் எஞ்சியிருந்த ஒரே ஒரு பழைய கையை வைத்து, நரம்பு எது, தசைநாண் எது என்று பிரித்துக் காட்டினாய். மாநாட்டில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஒரு இளம் மருத்துவர் உன்னிடம் கேட்டாள், கொரோனாவில் இறந்தவர் உடலைத் தானமாக ஏற்கலாமா என்று. கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்றாய். உடலை முதலில் தொடுவது நீங்களும் நானும் இல்லை, பதப்படுத்துகிற அட்டெண்டர். அவர் மாலையில் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போக வேண்டும் என்றாய். பின்னால் நின்றிருந்த நம் அட்டெண்டர் அண்ணாச்சிக்கு ஆங்கிலம் புரியாது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று மட்டும் தெரிந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

கடைசி அமர்வு பொதுமக்களுக்கு. அதை மட்டும் தமிழில் வைத்திருந்தோம். நீ படம் எதுவும் போடாமல் பேசினாய். உடல் தானம் செய்யுங்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது, என் உடலை எங்கள் துறையின் டிசெக்‌ஷன் மேசைக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றாய். பக்கத்து மேசைக்காரி எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். திரை முழுக்கக் கைதட்டும் படமாக வந்து விழுந்தது. அப்போது உன் போன் அடித்தது.

நீ செய்த காரியம் அப்படி. முதல் நாள் காலையில் பெருமை தாங்காமல் உன் ஊர் பெரியதாழையில் இருக்கும் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் நேரலை இணைப்பைப் போட்டிருக்கிறாய். போட்டதை மறந்தும் விட்டாய். உன் அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, சித்தி மகனின் போனுக்கு முன்னால் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து புரியாது. மகள் முகம் அவ்வப்போது வருகிறதே, அது போதும். அந்த இரண்டு நாளில் அவர்களுக்குப் புரிந்தது உன் கடைசி ஐந்து நிமிடம்தான்.

ஸ்பீக்கரில் போட்டாய். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

"ஏளா, நீ சொன்னது நெசமா? உங்கப்பாவத்தான் கடலு திருப்பித் தரல. கல்லறத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோட கல்லறைக்குப் போவுது. நான் கடக்கரையில போயி மணல்ல குத்தி வச்சிட்டு வாரேன். வச்சிட்டுத் திரும்புததுக்குள்ள காத்து அணைச்சிப் போடுது. நீயும் எனக்கு எடமில்லாமப் பண்ணப் போறியா?"

"யம்மா, நீங்கதான முன்னால போவீங்க. எனக்கு நீங்க ஏன் மெழுகுதிரி வைக்கணும்?"

"உங்கப்பா வரிசையிலயாளா போனாரு?"

நான் குறுக்கே புகுந்து, படிக்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும் தெரியுமா அம்மா என்று ஆரம்பித்தேன். "நீ சும்மா இரி டாக்டரம்மா" என்று ஒரே வெட்டு. நான் சாயர்புரத்துக்காரி, புராட்டஸ்டன்ட். எங்கள் வீட்டில் கல்லறைக்கு மெழுகுதிரி வைக்கிற பழக்கம் கிடையாது. ஒரு திரி ஏற்ற இடம் இல்லாததற்கு இத்தனை துக்கமா என்று அன்றைக்கு நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு உன்னோடு அவர்கள் பேசவில்லை. கருவாடு மட்டும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. "கோவத்துலயும் அனுப்புதா பாரு" என்று சொல்லி எனக்கும் பங்கு வைப்பாய். ஒரு தரம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கையெழுத்தை ரத்து செய்துவிடேன், அம்மாதானே என்றேன். "சபையில சொல்லிட்டேன்ளா" என்றாய்.

இரண்டாம் அலையில் உடற்கூறியல்காரர்களையும் கொரோனா வார்டுக்குப் போட்டார்கள். உனக்கும் வந்தது, எனக்கும் வந்தது. நான் எழுந்துவிட்டேன், நீ எழவில்லை. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் ஆகாது. யார் மேல் என்று தெரியாத கோபம் ஒன்று இன்னமும் இருக்கிறது.

உன் தம்பி அப்போது கப்பலில், எங்கோ நடுக்கடலில். உன் அம்மா தனியாகத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். முகக்கவசத்தை எப்படிப் போடுவது என்று தெரியாமல் தாடையில் மாட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அழவில்லை. ஊரிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது மாதிரி நேராகச் சொன்னார்கள்.

"அவ ஆசப்பட்டபடி நீ எடுத்துக்கோ. எங்கன கைநாட்டு வைக்கணும், சொல்லு."

அம்மா, இந்த நோயில் போனவர்களை எடுக்கக் கூடாது என்றேன். மாநாட்டில் நீ சொன்ன அதே காரணங்களை, நீ சொன்ன அதே வரிசையில் சொன்னேன். அவர்கள் கேட்டு முடித்தார்கள்.

"நான் தாரேன்னு சொன்ன பொறவுமா?"

"ஆமாம்மா."

"நான் வேண்டாம்னப்ப அவ கேக்கல. இப்பத் தாரேங்கும்போது நீ வாங்க மாட்டேங்கியே" என்றார்கள். பிறகுதான் அழுதார்கள்.

உன்னை இங்கே டவுன் கல்லறையில்தான் வைத்தார்கள். வெள்ளை உடை போட்ட ஆட்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். பையைத் திறக்க விடவில்லை. உன் அம்மா கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒரு பிடி மண் போடவும் வழியில்லை. அவர்கள் கேட்ட கல்லறை கிடைத்தது, கேட்ட விதமாகக் கிடைக்கவில்லை. உனக்கு நீ கேட்டதும் கிடைக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அவர்களை நான்தான் கூட்டிப் போவேன். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளுக்கு நடுவில் பூவும் புகையுமாக ஊரே கூடியிருக்கும். காற்றுக்குக் கை மறைத்துத் திரியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்படி ஒரு வருடம், எரிகிற திரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "அவ எடத்துக்கு நான் வாரேன்ளா."

உனக்குப் பதிலாகத் தன் உடலைத் தரப்போகிறார்கள் என்று புரிந்ததும் பதறிவிட்டேன். உங்களுக்கென்று ஒரு கல்லறை வேண்டாமா அம்மா, தம்பி எங்கே திரி வைப்பான் என்று கேட்டேன். உன் அம்மா பேசிய பேச்சை அன்று நான் பேசினேன்.

"அவ அத்தன பேருக்கு முன்னால சொன்னா. எங்க தெருவே பாத்துச்சி. சொன்ன சொல்லு அந்தரத்துல நிக்கப்படாது" என்றார்கள். உன் தம்பி கப்பலிலிருந்து போனில் அழுதான், சண்டை போட்டான். வாரிசு ஒப்புக்கொள்ளாமல் நடக்காது என்று எனக்குத் தெரியும், அவன் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவனை எப்படியோ மடக்கிவிட்டார்கள். தெரிந்தவர்கள் உடல் வந்தால் வேறு கல்லூரிக்கு மாற்றிவிடுவது நம் வழக்கம். அதைச் சொல்லிப் பார்த்தேன். "வேற ஊருக்கு அனுப்பிராத. எம்மவ நின்னு பாடம் நடத்துன எடத்துலயே நான் கெடக்கேன்" என்றார்கள்.

முந்தாநாள் உன் அம்மா நம் துறைக்கு வந்துவிட்டார்கள். இதைத்தான் சொல்ல வாய் வராமல் இருந்தேன்.

தூக்கத்திலேயே போய்விட்டார்கள், கஷ்டப்படவில்லை. தம்பி லீவில் இருந்தான். பெரியதாழைக் கோயிலில் பூசை முடிந்ததும், வண்டி கல்லறைக்குத் திரும்பாமல் நேரே இங்கே வந்தது. ஊர்ப் பெண்கள் வழி நெடுகத் திட்டினார்களாம். தம்பி, அம்மாவின் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அட்டெண்டர் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "நம்ம மேடத்தோட அம்மால்லா. நீங்க வெளிய இருங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மாணவர்களுக்கு எத்தனையோ வருடமாக இதையே கற்றுக்கொடுக்கிற நான், சொன்னபடி வெளியே உட்கார்ந்திருந்தேன்.

புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முதல் நாள் மேசையைச் சுற்றி நின்று, கை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். துணியை விலக்கியதும் யாராவது ஒரு பிள்ளை பார்த்துவிடும், இடது பெருவிரலில் ஒரு நீளத் தழும்பு. மேடம், இது எப்படி வந்தது, இவங்க யாரு என்று கேட்கும். எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்காமல் இருந்ததில்லை. பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. உங்கள் முதல் ஆசிரியர் என்று மட்டும் நீயும் நானும் பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தத் தழும்பு கருவாட்டுக்கு மீன் கீறும்போது பட்டது, அந்தக் கருவாட்டை நான் தின்றிருக்கிறேன், இவர்களுடைய மகள் இதே இடத்தில்தான் நின்றாள் என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றும். சொல்ல மாட்டேன். உன் அம்மாவின் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் கையில் நான் கத்தியைக் கொடுக்க வேண்டும்.